கையை யார் முதலில் நீட்டுவது

ஒரு கைகுலுக்கல் சில மாதங்களாக மனத்தை விட்டு நகர மறுக்கிறது. நான் கண்ணால் கண்டதல்ல, படித்தது. பாத்திரம் கழுவும்போதும், பேருந்துக்கு நிற்கும்போதும், தூக்கம் வராத பின்னிரவிலும் வந்து நிற்கிறது. எடின்பரோவில் ஒரு பெரிய வீடு. காத்திருக்கும் கூடத்தில் அழகான பழங்கால மரச்சாமான்கள். அதைத் தாண்டினால் படிப்பறை. ஒரு சுவரை ஏறக்குறைய முழுவதுமாக அடைத்துக்கொண்டு ஒரு புத்தக அலமாரி. அகலமான மேசைக்குப் பின்னால், முதுகு உயர்ந்த மெத்தை நாற்காலியில் உளப்பகுப்பாய்வாளர் ரொனால்ட் ஃபேர்பேர்ன். மேசைக்கு இந்தப் பக்கம், தலைமாடு மேசையை ஒட்டியிருக்கும்படி போட்ட சாய்படுக்கையில் ஹாரி கன்ட்ரிப். ஆயிரம் அமர்வுகளுக்கு மேல் இப்படியே நடந்து, கடைசி அமர்வும் முடிந்து, கன்ட்ரிப் எழுந்து கிளம்புகிறார். அப்போதுதான் அவருக்கு உறைக்கிறது: இத்தனை வருடங்களில் இருவரும் ஒருமுறைகூடக் கைகுலுக்கிக்கொண்டதில்லை. இன்றும் அது இல்லாமலேயே ஃபேர்பேர்ன் தன்னை அனுப்பிவைக்கப் போகிறார். கன்ட்ரிப் கையை நீட்டுகிறார். ஃபேர்பேர்ன் உடனே பற்றிக்கொள்கிறார். அவர் முகத்தில் சில துளிக் கண்ணீர் வழிந்து இறங்குகிறது.

எங்கள் வீட்டில் யாரும் யாருடைய கையையும் பிடித்துக் குலுக்கியதில்லை. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே ‘வரேன்’ என்பதும், உள்ளிருந்து ‘சரி, பாத்துப் போ’ என்று குரல் வருவதும்தான் எங்களுக்குத் தெரிந்த விடைபெறுதல். வாய் தவறிப் ‘போறேன்’ என்றால் அம்மா கோபித்துக்கொள்வாள். ஆகவே அந்தக் கைகுலுக்கலின் கனம் எனக்குப் பிடிபட நாளானது. அதை ‘வரேன்’ என்கிற சொல்லாக மாற்றிப் பார்த்தேன். பத்து வருடம் ஒருவர் வீட்டுக்குப் போய்வந்து, ஒரு நாள்கூட ‘வரேன்’ என்று சொல்லாமலே படியிறங்கியிருந்தால்? சொல்ல வேண்டும் என்றுகூட இருவருக்கும் தோன்றாமலே இருந்திருந்தால்? அப்புறம்தான் அந்தக் கண்ணீர் எனக்குக் கொஞ்சம் புரிந்தது. புரிந்த பிறகு தொந்தரவு கூடியது. கையை நீட்டியது மாணவன். ஆசானிடம் கை இருந்தது, கண்ணீரும் இருந்தது. இரண்டும் பத்து வருடங்களாக அந்த மேசைக்குப் பின்னால் காத்துக்கொண்டிருந்தனவா?

கன்ட்ரிப் முதலில் திருச்சபைப் போதகர், பிறகு லீட்ஸ் நகரில் உளச்சிகிச்சையாளர். 1949இல் ஃபேர்பேர்னிடம் போகத் தொடங்கியபோது அவருக்கு ஏறக்குறைய 48 வயது. வைத்தியத்துக்குப் போனாரா, தொழில் கற்கப் போனாரா என்று பிரித்துச் சொல்ல முடியாது. இந்தத் தொழிலில் மாணவன் முதலில் நோயாளியாகப் படுத்தாக வேண்டும். தச்சனிடம் சேர்ந்த பையன் உளி பிடிக்குமுன் தானே மரமாகக் கிடக்க வேண்டும் என்பது போன்ற ஏற்பாடு. அப்படிப்பட்ட இடத்தில் பாடம் எது, பாடத்துக்கு வெளியே நடப்பது எது? மேசை எங்கே இருக்கிறது, நாற்காலி எவ்வளவு உயரம், வருகிறவருக்குத் தேநீர் உண்டா இல்லையா, எல்லாமே உடம்பில் இறங்குகிற இடம் அது. அந்த அறையில் மேசைக்குப் பக்கவாட்டில் ஒரு சிறிய சோபாவும் இருந்தது. வேண்டுமென்றால் அதில் உட்கார்ந்து முகம் பார்த்துப் பேசியிருக்கலாம். சாய்படுக்கையைத் தேர்ந்தது தானேதான் என்று கன்ட்ரிப்புக்கு வெகுகாலம் கழித்தே தெரிந்தது. கடைசியில் அவர் சோபாவுக்கு மாறவும் செய்தார். அந்தச் சோபாவைக் காட்டி ‘அங்கே உட்காருங்களேன்’ என்று ஃபேர்பேர்ன் ஏன் ஒரு நாளும் சொல்லவில்லை என்று நான் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். சொல்லாமல் விட்டது முறையா, கூச்சமா?

ஃபேர்பேர்ன் சாதாரணமானவர் அல்லர் என்பதால்தான் இந்தக் கேள்வி வலிக்கிறது. மனிதனை உள்ளிருந்து தள்ளுவது இன்பத்தின் மேல் உள்ள வேட்கை என்று ஃப்ராய்ட் வகுத்துவைத்ததை, லண்டன் உளப்பகுப்பாய்வு வட்டாரத்திலிருந்து விலகி எடின்பரோவில் தனியாக உட்கார்ந்து 1940களில் மறுத்து எழுதியவர் அவர். குழந்தை தேடுவது இன்பத்தை அல்ல, ஆளை. ‘ஆள்’ என்கிற தமிழ்ச் சொல் இதற்கு எவ்வளவு பொருத்தம் என்று நினைத்துக்கொள்வேன். தொட்டிலில் கிடப்பது சிணுங்கினால் பாட்டிமார்கள் ‘ஆள் தேடுது’ என்பார்கள். பசியும் இல்லை, ஈரமும் இல்லை, எறும்பும் கடிக்கவில்லை, ஆள் தேடுகிறது. 1952இல் புத்தகமாக வந்த ஃபேர்பேர்னின் கட்டுரைகள் இந்தப் பாட்டிமார்களின் பக்கம் நிற்கின்றன என்று சொன்னால் மிகையில்லை. அப்படி எழுதியவர்தான் அந்த அகலமான மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து, பழைய பாணியில் ஃப்ராய்டின் ஈடிபஸ் விளக்கங்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கன்ட்ரிப் அவற்றை ஏற்கவில்லை, எதிர்த்தார். அமர்வு முடிந்ததும் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து தத்துவம் பேசுவார்கள். அந்த நேரத்தில்தான் தான் தேடிவந்த ஆளைக் கன்ட்ரிப் சந்தித்தார். பகுத்துப் பகுத்து முடிவில்லாமல் போய்க்கொண்டே இருக்கலாம், ஒரு பலனும் இருக்காது, ஆளுக்கும் ஆளுக்கும் உள்ள உறவுதான் குணமாக்குகிறது என்கிற கருத்தை ஃபேர்பேர்ன் சொன்னது அப்படி அமர்வுக்கு வெளியே பேசிக்கொண்டிருந்த ஒரு நேரத்தில்தான்.

தனக்குக் கைவராததைத்தான் ஒருவர் அவ்வளவு துல்லியமாக எழுதுகிறாரோ? இதைப் போலித்தனம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தாகம் தெரிந்தவன் கிணறு எங்கே இருக்கிறது என்று சரியாகச் சொல்லிவிடலாம். கயிறு அவன் கையில் இல்லாமலிருக்கலாம். அவருடைய கோட்பாட்டையே, நெருங்கத் தெரியாத ஒருவர் நெருக்கத்துக்கு எழுதிய நீண்ட கடிதமாகப் படிக்கத் தோன்றுகிறது. ஆனால் மாணவன் என்ன கற்றான்? புத்தகத்தை அவன் லீட்ஸிலேயே படித்திருக்கலாம். அவ்வளவு தூரம் ரயிலில் போய்ப் படுத்தது புத்தகத்துக்காக இல்லை.

கன்ட்ரிப்பின் நோய் ஒரு மரணத்தில் தொடங்குகிறது. அவருக்கு மூன்றரை வயதாக இருக்கும்போது தம்பி பெர்சி இறந்தான். அம்மாவின் மடியில் ஆடையில்லாமல், உயிரில்லாமல் தம்பி கிடக்கிறான். அறைக்குள் வந்த பையன் ஓடிப்போய் அவனைப் பிடித்துக்கொண்டு, விடாதே, விட்டால் திரும்பக் கிடைக்கவே மாட்டான் என்று அம்மாவிடம் கத்தியிருக்கிறான். இது கன்ட்ரிப்பின் ஞாபகத்தில் இல்லை. வயதான காலத்தில் அவரோடு வந்து தங்கிய அம்மா சொல்லித்தான் அவருக்குத் தெரியும். அம்மா அவனை அறையைவிட்டு வெளியே அனுப்பினாள். பையன் விளங்காத ஒரு நோயில் விழுந்தான். தம்பியின் துக்கத்தில் இவனும் போய்விடுவான் என்று எல்லோரும் நினைத்தார்கள். அம்மாவின் சகோதரி ஒருத்தியின் வீட்டுக்கு அனுப்பிவைத்தார்கள், பிழைத்துக்கொண்டான். மொத்தமும் மறதிக்குள் போய்விட்டது. ஆனால் போனது போனபடி கிடக்கவில்லை. 26 வயதில் சகோதரனைப் போல் பழகிய ஒரு நண்பர் பிரிந்து போனதும் காரணமில்லாத களைப்பில் படுத்தார். 1938இல் இன்னொரு தோழர் விலகிப் போனபோது மறுபடியும் அதே களைப்பு. அந்தக் காலத்தில் ஒரு கனவு: கல்லறைக்குள் இறங்குகிறார், அங்கே உயிரோடு புதைக்கப்பட்ட ஒருவன் வெளியே வரப் பார்க்கிறான், நோய் வரும் என்று அவனை மிரட்டி, உள்ளேயே பூட்டிவிட்டு வேகமாக வெளியேறுகிறார்.

ஐம்பதுகளின் கடைசியில் ஃபேர்பேர்னின் உடல்நிலை கெட்டது. படுக்கையிலிருந்து எழுந்து வேலைக்குத் திரும்பியவர் மாணவனிடம் ஒன்று சொன்னார். நோயுற்றதிலிருந்து உனக்கு நான் நல்ல தகப்பனும் இல்லை, கெட்ட தாயும் இல்லை, உன் கண்முன்னால் செத்துக்கொண்டிருக்கும் தம்பி என்கிற பொருளில். ஆயிரம் அமர்வுகளில் சொல்லப்பட்டவற்றில் இதற்கு ஈடாக எதையும் நான் காணவில்லை. மேசைக்குப் பின்னால் இருந்தவர் அந்த ஒரு கணம் மேசையைத் தாண்டி வந்து, தன் சாவையே மாணவன் முன் வைத்துவிட்டார். மாணவனுக்குப் பொறி தட்டியது. இவர் போகும்வரை இங்கேயே கிடந்தால், பழைய இடி மறுபடியும் விழும்போது தாங்கிப் பிடிக்க யாரும் இருக்கமாட்டார்கள். விட்டுவிட முடிவு செய்தார். தம்பி சாகும் முன்பே அறையைவிட்டு வெளியேறுவது என்று அதற்குப் பொருள். இந்த முறை யாரும் அனுப்பவில்லை, அவரே போனார். அந்தக் கைகுலுக்கல் அப்படி வந்தது. ஃபேர்பேர்ன் 1964இன் கடைசி நாளில் இறந்தார்.

இந்த இடத்தில் என் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. இல்லாவிட்டால் நான் ஏன் இதைச் சுற்றிச் சுற்றி வருகிறேன் என்பது விளங்காது. ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் ஆறு வருடம் ஒருவரிடம் இலக்கணம் கேட்கப் போனேன். திண்ணையில் ஈசிசேர், பக்கத்தில் வெற்றிலைச் செல்லம், நான் தரையில் பாயில். அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்வேன். மூன்று நோட்டுகள் நிறைந்தன. அவர் காலமான பிறகு அந்த நோட்டுகளைப் பிரித்தேன். புணர்ச்சி விதிகள் எல்லாம் இருந்தன, உதாரணங்கள் இருந்தன, தேதிகூட இருந்தது. அவர் இல்லை. கேள்வி கேட்டால் உடனே பதில் சொல்லமாட்டார், தெருவைப் பார்ப்பார். பாக்கு வெட்டியை மூடும் சத்தம் கேட்கும். அந்த இடைவெளியில் அவர் முகத்தில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. நான் குனிந்து முந்தைய வாக்கியத்தை எழுதி முடித்துக்கொண்டிருந்தேன். ஆறு வருடமும் அந்த நேரத்தில் குனிந்துதான் இருந்திருக்கிறேன்.

கன்ட்ரிப்பும் எழுதினார். ஒவ்வொரு அமர்வும் முடிந்தபின் நடந்ததை முழுக்கப் பதிந்துவைத்தார். இரண்டு ஆசான்களிடம் பெற்ற பகுப்பாய்வு பற்றி நமக்கு இவ்வளவு தெரிவதே அந்தப் பதிவுகளால்தான். 1962இல் லண்டனில் உளப்பகுப்பாய்வாளர் டொனால்ட் வின்னிகாட்டிடம் போகத் தொடங்கினார். மாதத்துக்கு ஒருமுறை லீட்ஸிலிருந்து வந்து இரண்டொரு அமர்வுகள். 1968 வரை 150 சொச்சம். ஃபேர்பேர்னிடம் கழித்ததோடு வைத்துப் பார்த்தால் சொற்பம். வின்னிகாட் குழந்தை மருத்துவரும்கூட; பாடிங்டன் கிரீன் மருத்துவமனையில் 40 ஆண்டு தாய்மார்களையும் பிள்ளைகளையும் பார்த்தவர். அவருடைய அறையில் ஆடம்பரம் இல்லை. கண்ணை உறுத்தாத வண்ணங்கள். கன்ட்ரிப் கதவைத் தட்டிவிட்டு உள்ளே போய் உட்காருவார். சற்று நேரத்தில் வின்னிகாட் கையில் தேநீர்க் கோப்பையோடு மெல்ல நடந்து வந்து, ஹலோ சொல்லி, சாய்படுக்கைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மரநாற்காலியில் உட்காருவார். படுக்கலாம், பக்கவாட்டில் உட்காரலாம், இடையில் மாற்றிக்கொள்ளலாம். ஒவ்வொரு முறையும் கிளம்பும்போது அவரே கையை நீட்டுவார். முதல் அமர்வின் முடிவில் அவர் சொன்னதன் சாரம் இது: எனக்கு இப்போதைக்குச் சொல்ல எதுவும் இல்லை, ஆனால் எதுவும் சொல்லாவிட்டால் நான் இங்கே இல்லை என்று உங்களுக்குத் தோன்றிவிடக்கூடும். ஆயிரம் அமர்வுகள் கடந்து வந்தவரிடம், பார்த்து ஒரு மணி நேரம்கூட ஆகாத ஒருவர் இதைச் சொல்கிறார். அடுத்த அமர்விலேயே இன்னும் உள்ளே போனார்: பெர்சி சாவதற்கு முன்பே, அவன் பிறப்பதற்கும் முன்பே, அம்மா உங்களைக் கைவிட்டிருக்க வேண்டும், கவனிக்க ஆளில்லாத உங்கள் சொந்தக் குழந்தைத்தனத்தை நீங்கள் பெர்சியிடம் வைத்துக் காப்பாற்றினீர்கள், அவன் போனதும் உங்களிடம் எதுவும் மிஞ்சவில்லை.

அதற்குப் பின்னால் வருவதுதான் என்னை நோட்டுகளின் பக்கம் திருப்பியது. கன்ட்ரிப் நிறுத்தாமல் பேசுகிறவர். செறிவாக, சாரமாக, அரைமணி நேரம் மூச்சுவிடாமல். வின்னிகாட் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: இவ்வளவு கஷ்டப்பட்டுப் பேசித்தான் நீங்கள் இருப்பதாக உங்களுக்கே உறுதிப்படுத்திக்கொள்கிறீர்கள், பேச்சை நிறுத்தினால், வேலையை நிறுத்தினால், தூங்கிப்போனால், அந்த இடைவெளியில் பெர்சியைப் போல் செத்துவிடுவோம் என்று பயப்படுகிறீர்கள், என்னாலும் உங்களைக் காப்பாற்ற முடியாது என்று உங்களுக்கு நிச்சயம், அதனால்தான் மாதம் ஒருமுறை நடக்கும் அமர்வுகளைக் குறிப்பெழுதிக் குறிப்பெழுதி ஒன்றோடொன்று தைத்து வைக்கிறீர்கள், இடையில் வெற்றிடமே வரக்கூடாது என்று. இதைப் படித்த அன்று நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். மாணவனின் ஊக்கம் என்று நாம் மெச்சிக்கொள்வதை, நல்ல மாணவனுக்கு இலக்கணமாக வைத்திருப்பதை, ஒரு ஆசான் பார்த்து, இது பயம் என்று சொல்லிவிட்டார். சொன்னதில் கண்டிப்பு இல்லை. எழுதாதே என்று தடுக்கவும் இல்லை. கன்ட்ரிப் அந்த வாக்கியத்தையும் வீட்டுக்குப் போய் எழுதித்தான் வைத்தார், இல்லாவிட்டால் எனக்கு அது வந்து சேர்ந்திருக்காது. இந்த முடிச்சை என்னால் அவிழ்க்க முடியவில்லை.

வின்னிகாட் சொன்ன இன்னொன்றில் எனக்குச் சஞ்சலம் உண்டு. நான் உங்களுக்கு நல்லவன், நீங்களும் எனக்கு நல்லவர், உங்களைப் பகுத்துப் பார்ப்பது எனக்கு மிகுந்த தெம்பைத் தருகிறது என்றார். கூடவே, நீங்கள் அப்படி இருந்துதான் ஆக வேண்டும் என்பதில்லை, இல்லாவிட்டாலும் சமாளித்துக்கொள்வேன் என்றும் சேர்த்துச் சொன்னார். கன்ட்ரிப்புக்கு அது அமுதமாக இருந்திருக்கிறது. பிள்ளை பெற்றிருக்கவே கூடாது என்று நினைத்த தாயிடம் வளர்ந்தவருக்கு, உன்னால் எனக்கு நன்மை என்று ஒருவர் சொல்வது எப்படி இருக்கும் என்று ஊகிக்க முடிகிறது. ஆனாலும் ஆசான் இதைச் சொல்லலாமா? சொன்ன பிறகு மாணவனால் கோபிக்க முடியுமா? எனக்குத் தெம்பு தருகிறவன் என்று பெயர் வாங்கியவன் ஒரு நாள் வாடிய முகத்தோடு வர முடியுமா? அந்தப் பின்னிணைப்பு, ‘இல்லாவிட்டாலும் சமாளிப்பேன்’ என்பது, இந்தக் கேள்விகளையெல்லாம் முன்கூட்டியே தெரிந்தவர் சொன்னது போலத்தான் இருக்கிறது. ஆனால் நாம் எல்லோரும் முதல் பாதியைத்தானே கேட்போம்? ஃபேர்பேர்னின் மௌனத்துக்காக வருந்திய நானே வின்னிகாட்டின் தாராளத்தைக் கண்டு தயங்குகிறேன். கை நீட்டாதவரிடம் குறை கண்டேன், நீட்டியவரிடமும் காண்கிறேன். ஆசான் என்கிற இடத்திடம் நான் எதை எதிர்பார்க்கிறேன் என்றே எனக்குத் தெளிவில்லை போலும்.

1971 ஜனவரி. வின்னிகாட்டுக்கு உடம்பு சரியில்லை என்று கேள்விப்பட்டு, பின் தேறிவிட்டார் என்றும் தெரிந்து, கன்ட்ரிப் ஒரு கடிதம் போடுகிறார். தொலைபேசி ஒலிக்கிறது. பழகிய குரல், கடிதத்துக்கு நன்றி சொல்லிச் சற்று நேரம் பேசிக்கொண்டிருக்கிறது. இரண்டு வாரம் போல் கழித்து மறுபடி தொலைபேசி. இந்த முறை செயலாளரின் குரல்; இறந்துவிட்டார். அன்றிரவே கன்ட்ரிப் கனவு காண்கிறார். அம்மா, கறுத்து, அசைவற்று, எங்கோ வெறித்துக்கொண்டு. பக்கத்தில் உறைந்து நிற்கும் மகனை அவள் பார்க்கவே இல்லை. அதற்குப் பிறகு ஏறத்தாழ இரண்டு மாதம் இரவுகள் அவரைப் பின்னோக்கி அழைத்துச் சென்றன. வாழ்ந்த வீடுகள் ஒவ்வொன்றாக, கடைசி வீட்டிலிருந்து முதல் வீடு வரை. தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு மூன்று வயதுப் பையன் நிற்கிறான், வண்டியில் பெர்சி, அம்மா தூரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். மறுநாள் இரவு இன்னும் ஒரு கனவு வந்தது. இத்தனை வருடம் கல்லறையில் பூட்டி வைத்ததும், ஃபேர்பேர்னின் ஆயிரம் அமர்வுகளும் வின்னிகாட்டின் 150 அமர்வுகளும் எடுத்துக் கொடுக்க முடியாததும், ஆசான் போன பிறகு தானாக வந்தது. அவரை நான் இழக்கவில்லை, அவர் உள்ளே இருந்ததால்தான் அம்மாவின் அந்த முகத்தைப் பார்க்கும் தைரியம் வந்தது என்பது கன்ட்ரிப்பின் புரிதல்.

எனக்கு இதில் சந்தேகம் இல்லாமல் இல்லை. ஒரு பகுப்பாய்வு எவ்வளவு தூரம் முழுமை பெறும் என்கிற கேள்வியைத் தலைப்பிலேயே வைத்துக்கொண்டு அவர் எழுதிய கட்டுரை 1975இல் வெளிவந்தது. அதே ஆண்டு அவரும் மறைந்தார். வாழ்நாள் முழுதும் துண்டுகளைத் தைத்து வைத்த ஒருவர் சாகும் தறுவாயில் கடைசித் துண்டையும் தைத்துக் காட்டுகிறார். வீடுகள் அவ்வளவு ஒழுங்காக வரிசையில் வருமா? அம்மா சொல்லிக் கேட்ட கதைக்கு மனம் வரைந்து கொடுத்த படங்கள் இல்லை என்று எப்படிச் சொல்வது? இறந்துபோன ஆசானுக்கு ஒரு மாணவன் படைக்கக்கூடிய ஆகப் பெரிய காணிக்கை குணமாகிக் காட்டுவது என்பதால்கூட அந்தக் கனவுகள் வந்திருக்கலாம். இப்படியெல்லாம் யோசித்துவிட்டுக் கடைசிக் கனவுக்கு வரும்போது மட்டும் என் சந்தேகம் நின்றுவிடுகிறது. யாரும் அம்மாவிடம் கேட்டு இட்டுக்கட்டக்கூடிய படமாக அது தோன்றவில்லை.

முதலில் அவரும், அவரைப் போலவே இருக்கும் இன்னொருவனும் செத்துப்போன ஏதோ ஒன்றை எட்டிப் பிடிக்கக் கை நீட்டுகிறார்கள். அந்த இன்னொருவன் சட்டென்று குவியலாகச் சரிந்து விழுகிறான். உடனே வெளிச்சமான ஓர் அறை. பெர்சி ஒரு பெண்ணின் மடியில் உட்கார்ந்திருக்கிறான். அவளுக்கு முகம் இல்லை, கைகள் இல்லை, மார்பு இல்லை. உட்காருவதற்கு ஒரு மடி மட்டும் இருக்கிறது, ஆள் இல்லை. பெர்சியின் வாயோரங்கள் கீழே இறங்கியிருக்கின்றன, பெரும் துயரத்தில் இருக்கிறான். அவன் எதிரே நின்றுகொண்டு அண்ணன் அவனைச் சிரிக்கவைக்கப் பார்க்கிறான். எடின்பரோவுக்குப் போவதற்கு முன்னால், லண்டனுக்குப் போவதற்கு முன்னால், ஒரு நோட்டுகூட எழுதத் தெரியாத வயதில், ஆள் இல்லாத அந்த அறையில் அவன் அந்த வேலையைத்தான் செய்துகொண்டிருந்தான். பெர்சி சிரித்தானா என்று கன்ட்ரிப் எழுதவில்லை.